ஸ்லோ கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே



சென்னையில் பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) ஒரு கார் எத்தனை இடத்தில் நிற்கும் என்று யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார்கள். மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் எஸ்டேட், டன்லப், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல் என்று வரிசையாக நிற்கும். இடையில் ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால் கூடுதலாக இரண்டு முறை. நிற்கும் ஒவ்வொரு தடவையும் இன்ஜினுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது. கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை, கியர் நியூட்ரலில், ஏசி ஓடுகிறது. அந்த நிலையில் இன்ஜின் தானாக, யார் தயவும் இல்லாமல் ஓட வேண்டும். அதைத்தான் பட்டறையில் ‘ஸ்லோ’ என்கிறார்கள், கொஞ்சம் படித்தவர்கள் ‘ஐடிலிங்’ என்கிறார்கள்.

இந்தப் பரீட்சையில் தோற்கும் வண்டியின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஸ்டியரிங் கையில் நடுங்கும். டேஷ்போர்டில் வைத்த பிள்ளையார் தலையாட்டுவார். ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று எட்டிப் பார்க்கும். பச்சை விழும் நேரம் பார்த்து இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். பின்னால் நிற்கும் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கும். டிரைவர் அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போய், தமிழ்நாட்டில் கார் வந்த நாள் முதல் சொல்லப்பட்டுவரும் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: “அண்ணே, ஸ்லோ கொஞ்சம் ஏத்தி விடுங்க.”

இன்றைய பேச்சு அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு சிலிண்டர் வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 வெடிப்பு, அதாவது நொடிக்கு 26, 27. ஒவ்வொன்றும் தனியாக உடம்புக்குத் தெரியாது, ஒரே முனகலாகக் கேட்கும். வேகம் 500-க்கு இறங்கினால் நொடிக்கு 16, 17 வெடிப்புதான். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் அது 12, 13 ஆகிவிடும். அப்போது ஒவ்வொரு அடியும் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முதுகில் விழும். நடுக்கம் என்று டிரைவர் சொல்வது இதைத்தான்.

நடுக்கம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 800 என்ற எண்ணை யாரும் ஜோசியம் பார்த்து வைக்கவில்லை. இன்ஜினோடு சேர்ந்து ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் சுற்றுகின்றன. வேகம் குறைந்தால் ஆயில் அழுத்தம் குறையும். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்யூமும் இதே இன்ஜின் உறிஞ்சித் தருவதுதான். ஆல்டர்னேட்டர் இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும்படிதான் புல்லி வைத்திருப்பார்கள். அப்படியும் இன்ஜின் 500-இல் ஓடினால் சார்ஜ் இறங்கிவிடும். பழைய அம்பாசடர், ஃபியட் ஓட்டியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். டைனமோ காலத்தில் ராத்திரி சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அகல் விளக்காக மங்கும், ரேஸ் பண்ணினால் பளிச்சென்று எழும். அந்த டைனமோவின் வாரிசான ஆல்டர்னேட்டரைச் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது இதே பாடியில்தான். பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் அடுத்த ஆண்டே பக்கத்தில் வந்தது. காரின் உள்ளுறுப்புகளில் பாதி பிறந்த ஊரில் காரின் நாடி பார்ப்பது பற்றிப் பேசுவது பொருத்தம்தானே.

நாடி பார்ப்பது என்று சொன்னதில் உவமை மட்டும் இல்லை. வேகமாக ஓடும் இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 3,000 சுற்றில் காற்று ஒழுகுவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடும். 800-இல் ஒழுக நிறைய நேரம் இருக்கிறது. ஆகவே ஹைவேயில் பறக்கும் வண்டி ஓ.டி. சிக்னலில் இருமும். ஸ்லோவை ஏற்றிவிட்டால் இருமல் நிற்கும், வால்வு எரிந்துகொண்டே இருக்கும்.

கார்புரேட்டர் காலத்தில் ஏற்றுவது சுலபமாக இருந்தது. அதுதான் வினை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் சென்னையில் தொடங்கிய யூகால், ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்து கார்புரேட்டர் செய்தது. அந்தக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்லோ ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த எவரும் மெக்கானிக். உள்ளே திருப்பினால் த்ராட்டில் தட்டு ஒரு மயிரிழை திறக்கும், வேகம் ஏறும், வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போவார். ஒரு மாதத்தில் “பெட்ரோல் குடிக்குது” என்று திரும்பி வருவார்.

நல்ல கைகள் அன்றும் இருந்தன. அவர்கள் ஸ்க்ரூவைத் தொடுமுன் செய்த ஒரு சோதனை இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்லோவில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சமே கொஞ்சம் இழுப்பார்கள். காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் உடனே சமாதானமாகி ஓடினால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ வேண்டாத காற்று உள்ளே போகிறது. சோக்கை இழுத்ததும் இன்னும் திணறினால் ஏற்கெனவே பெட்ரோல் கூடுதல்: ஊசி வால்வு ஒழுகுகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரண்டு நொடி வேலை. காசு செலவில்லை. பைலட் ஜெட்டின் ஓட்டை தலைமுடி அளவு. அதைக் கம்பி விட்டுக் குத்துகிறவர்கள் ஓட்டையைப் பெரிதாக்கி ஜெட்டையே கொன்றுவிடுவார்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து காற்றடிப்பதுதான் முறை.

அந்தக் கார்புரேட்டர் வண்டிகள் இப்போதும் ஆவடி, பட்டாபிராம் பக்கம் சில ஓடுகின்றன. அவற்றுக்கு அண்மையில் ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. சாதா பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோதான் வேண்டும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தர வேண்டும். கம்ப்யூட்டர் வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. ஓட்டை என்ன அளவோ அதே அளவுதான் ஊற்றும். வண்டி எரிபொருள் போதாமல் ஓடும், ஸ்லோ தத்தளிக்கும். இங்கே கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் சரிசெய்வது நியாயமான வைத்தியம்.

இன்னொரு பழைய அனுபவம் ஊட்டி. சென்னையில் அருமையாக ட்யூன் செய்த கார்புரேட்டர் வண்டி, 7,300 அடி உயரத்தில் போய் நின்றால் காலையில் ஸ்லோ நிற்காது. மேலே காற்று மெலிது, ஜெட்டிலிருந்து பெட்ரோல் மட்டும் சென்னை அளவிலேயே வரும். அங்கே ஸ்க்ரூவைத் திருப்பியவர்கள் மேட்டுப்பாளையம் இறங்கியதும் திரும்பவும் திருப்ப வேண்டியிருந்தது.

பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தபோது இந்தப் பகுதியின் பட்டறைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் வந்தது. ஸ்லோவைக் கவனிக்க ஒரு சின்ன மோட்டார், த்ராட்டில் தட்டைச் சுற்றிப்போகும் ஒரு குறுக்குவழி. ஏசி போட்டதும் இன்ஜின் தாழ்ந்தால் அந்த மோட்டார் வழியைக் கொஞ்சம் கூடத் திறக்கும். ஹெட்லைட் போட்டாலும் அப்படியே. பின்னால் வந்த வண்டிகளில் அந்தக் குறுக்குவழியும் போய், த்ராட்டில் தட்டையே மோட்டார் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே இருந்த கேபிள் மறைந்தது. அதோடு ஸ்லோ ஸ்க்ரூவும் மறைந்தது.

பழக்கம் மட்டும் மறையவில்லை. சில வண்டிகளில் தட்டு முட்டி நிற்பதற்கென்று ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ உண்டு, பெயின்ட் வைத்து சீல் செய்திருப்பார்கள். ஏத்திவிடச் சொல்லிப் பழகியவர் அந்தப் பெயின்டை உடைத்துத் திருப்புவார். தட்டு மூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார் சொல்லும் அளவை வைத்து. அந்த அளவு மாறினால் ‘டிரைவர் லேசாக மிதிக்கிறார்’ என்று அது நினைத்துக்கொள்ளும், ஸ்லோவைக் கவனிக்கும் வேலையையே விட்டுவிடும். அடுத்த முறை அந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு ஒரு கோளாறுக்கு இரண்டு கோளாறு.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பெயர் வேண்டாம், வண்டியின் கம்பெனியும் வேண்டாம். எஸ்டேட்டை ஒட்டிய ஒரு தகர ஷெட், காலை பத்து மணி. பத்து வயதான சின்ன கார் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் டிராவல்ஸ் வண்டி ஓட்டும் இளைஞர்.

“அண்ணே, நேத்து பேட்டரி மாத்துனேன். அதுலேருந்து சிக்னல்ல நின்னா ஆஃப் ஆவுது. டூப்ளிகேட் பேட்டரி தள்ளிட்டான்ணே அந்தாளு.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமே இல்லண்ணே. சூப்பரா இருந்துச்சு.”

“ஏசி போட்டா?”

“லேசா ஒதறும். அது ரொம்ப நாளாவே ஒதறும்.”

இந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்குகிறவர்தான் மெக்கானிக். பேட்டரி நேற்றைய சங்கதி, உதறல் ரொம்ப நாள் சங்கதி. அவர் முதலில் பானட்டைத் திறக்கவில்லை, இன்ஜினைச் சூடாக விடுகிறார். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருக்கிறார். ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, நியூட்ரலில் வைத்து ஸ்கேனரைச் செருகுகிறார். பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் போட்டிருப்பது 800-ஐ ஒட்டிய எண், வண்டி ஓடுவது 580-இல். ஆக, ஸ்லோ உண்மையிலேயே குறைவு. இதை உறுதி செய்வது சின்ன விஷயம் இல்லை. இன்ஜின் மவுன்ட் ரப்பர் செத்த வண்டியும் இப்படியே நடுங்கும், அதன் ஸ்லோ கச்சிதமாக 800-இல் இருக்கும்.

புது பேட்டரியின் வோல்டேஜ் பார்க்கிறார், சார்ஜிங் பார்க்கிறார், இரண்டும் சரி. பேட்டரிக்காரர் மேல் தப்பில்லை. அடுத்து ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டார்ச் அடிக்கிறார். த்ராட்டில் தட்டின் ஓரம் முழுக்கக் கறுப்பு. தோசைக்கல்லில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கரி. தட்டு மூடிய நிலையில் அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு காகித கனம்தான். அதைக் கரி அடைத்துவிட்டது.

இங்கேதான் பேட்டரி வருகிறது. இந்தக் கரி ஒரே ராத்திரியில் படியவில்லை. இன்ஜினின் சொந்த ஆயில் ஆவி பி.சி.வி. குழாய் வழியாகத் திரும்பி வந்து, தூசியோடு சேர்ந்து வருஷக்கணக்கில் படிந்தது. பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் அந்தப் பக்கம் ஓடிய வண்டிகளின் ஏர் ஃபில்டரைப் பார்த்தவர்களுக்குத் தூசி பற்றி விளக்க வேண்டியதில்லை. கரி படியப் படிய, கம்ப்யூட்டர் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்து வந்தது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை நினைவில் எழுதியும் வைத்துக்கொண்டது. பேட்டரி வயரைக் கழற்றியதும் அந்த நினைவு அழிந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி, ஃபேக்டரியில் சுத்தமான தட்டுக்கு வைத்த அளவில் திறந்து பார்த்தது. காற்று போதவில்லை. வண்டி நின்றது.

சுத்தம் செய்வதிலும் கைப்பக்குவம் உண்டு. ஸ்ப்ரேயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, அது மோட்டாரின் பேரிங்குக்குள் இறங்கும். துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போய்விடும். பிறகு வண்டி தன் புது ஸ்லோவைப் படிக்க வேண்டும். சில கம்பெனி வண்டிகள் ஏசி இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் தானே படித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் கட்டளை கொடுக்க வேண்டும்.

எல்லா வண்டியும் இவ்வளவு சமத்தாக உண்மையைச் சொல்லிவிடாது. தட்டு சுத்தமாக இருந்தும் ஸ்லோ இறங்கினால் வாக்யூம் மீட்டரை எடுக்க வேண்டும். ஸ்கேனர் வந்த பிறகு பலர் மறந்துபோன கருவி இது. நம் ஊர் கடல்மட்டத்தை ஒட்டியது என்பதால், ஆரோக்கியமான இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசம்) வரை காட்டும், முள் அசையாது. முள் அசையாமல் நின்று, ஆனால் குறைவாகக் காட்டினால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே தாளத்தில் விட்டு விட்டு விழுந்தால் ஏதோ ஒரு வால்வு. ரேஸ் பண்ணிப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை ஒரு நொடி நசுக்கிப் பிடித்தால் ஸ்லோ மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அப்போது பிரச்சினை ஸ்லோவோடு நிற்காது, பிரேக்கே கல்லாகப் போகும்.

கேஸில் ஓடும் வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எல்பிஜி கிட் போட்ட பழைய ஆம்னிகளில் வால்வு சீட் தேய்ந்து, டேப்பெட் இடைவெளி மெல்ல மெல்ல இல்லாமல் போகும். டேப்பெட் அடித்தால் சத்தம் கேட்கும், எல்லோரும் கவனிப்பார்கள். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. இன்ஜின் அமைதியாக, ஸ்லோ மட்டும் குறைந்துகொண்டே வரும். ‘வண்டி சத்தமே இல்ல’ என்று ஓனர் பெருமைப்படும் நாளில்தான் வால்வு எரியத் தொடங்கியிருக்கும்.

வாட்டர் சர்வீஸ் முடித்து வரும் வண்டிகள் இன்னொரு ரகம். பிரஷர் தண்ணீர் காயில் கனெக்டருக்குள் போய் ஒரு சிலிண்டர் படுத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதே, அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டிகளில் கோளாறு உடனே தெரியாது. கனெக்டர் பின்னில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒருநாள் ஸ்லோ தடுமாறும். டிரைவர் புயலை மறந்தே போயிருப்பார். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்க்கலாம். கழற்றியும் ஸ்லோ மாறவில்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர். ஸ்பார்க் வயரைக் கையால் இழுத்துப் பார்க்கும் பழைய முறை இன்றைய காயில்களுக்கு ஆகாது, கைக்கும் ஆகாது.

ஸ்லோ ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைவதைப் பட்டறையில் ‘ஹன்டிங்’ என்கிறார்கள். அது கார் வருமுன்பே வந்த வியாதி. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினுக்கு இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும் கவர்னர் வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். சில கவர்னர்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. ஏன் என்று 1868-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர், மின்காந்தக் கோட்பாட்டால் புகழ்பெற்ற மேக்ஸ்வெல். தாமதமாக வரும் திருத்தம், தேவைக்கு மேல் பலமாக வந்தால் அலைச்சல் தொடங்கும். காற்றுவழியில் ஓட்டை விழுந்த காரில் கம்ப்யூட்டர் படும் பாடும் இதேதான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவானபோது அதன் டீசல் இன்ஜினும் ஸ்லோவை கவர்னரை நம்பித்தான் வைத்திருந்தது. டீசலில் காற்றைத் தட்டு வைத்து அடைப்பதில்லை, எண்ணெயை அளந்து ஊற்றுவதே வேலை.

புகைச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) பெட்ரோல் காருக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பி.எஸ்.2 வருவதற்கு முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம் வரை சலுகை. சோதனையில் ஸ்லோவிலும் அளவு எடுக்கிறார்கள். அந்த எண்ணை ஒரு தாளாகப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொள்ளாமல் மெக்கானிக்கிடம் காட்டினால், இன்ஜினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போல அது உதவும். ஸ்லோ குறைவு, மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் கூடுதல் பக்கம் தேட வேண்டும். எரியாத ஹைட்ரோகார்பன் அதிகம் என்றால் ஸ்பார்க் அல்லது கம்ப்ரஷன் பக்கம்.

தகர ஷெட்டுக்குத் திரும்பலாம். துடைத்து, மாட்டி, பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஸ்கேனரில் 790. ஏசி போட்டதும் ஒரு கணம் தாழ்ந்து, 850-க்கு ஏறி நின்றது. இளைஞர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். திருப்தியானார். போகும்போது ஜன்னலை இறக்கி, “எதுக்கும் ஸ்லோ கொஞ்சம் ஏத்தி விடுங்களேண்ணே” என்றார்.

“ஏத்தறதுக்கு இதுல ஸ்க்ரூவே கெடையாதுப்பா.”

அவர் அரை மனதாகத் தலையாட்டிவிட்டு ஓ.டி. பக்கம் வண்டியைத் திருப்பினார். பேட்டரிக் கடைக்காரரைத் திட்டியதை மட்டும் கடைசிவரை திரும்பப் பெறவில்லை.